கண்ணாடிக் கதவு போட்ட விறகு ஃபயர்பிளேஸ்: மூடி எரிப்பதா, திறந்து எரிப்பதா?

கேள்வி: ஸ்காபரோவில் 1970-களில் கட்டிய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்டில் செங்கல் ஃபயர்பிளேஸ், அதற்குப் பித்தளைச் சட்டம் போட்ட மடிப்புக் கண்ணாடிக் கதவு. முன்பு இருந்தவர்கள் பல வருடமாக எரிக்கவில்லையாம். இந்தக் குளிருக்கு எரிக்கலாமா? எரியும்போது கண்ணாடியை மூடி வைக்க வேண்டுமா? கண்ணாடி கறுத்துப் போய்க் கிடக்கிறது, எதைப் போட்டுத் துடைப்பது? வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.

பதில்:

புகைபோக்கியை ஆள் வந்து பார்க்கும்வரை ஒரு குச்சி விறகுகூட வைக்க வேண்டாம். கண்ணாடிக் கதவைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்கிற மாதிரி பழைய மடிப்புக் கதவு என்றால் நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது அது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். தணலாக அடங்கிய பிறகுதான் மூட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை இருக்கிறது, பொறி பறக்கும் என்று பயந்து நல்ல நெருப்பில் மூடிவிடுகிறார்கள். படுக்கப் போகும்போது வீட்டுக்குள் சூடு வரட்டும் என்று திறந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

விறகு, புகைபோக்கி இரண்டையும் பார்த்துச் சரிசெய்கிற வேலையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: புகை சூடு ஆறாமல், தடைப்படாமல் மேலே போய்ச் சேர வேண்டும். ஈரவிறகு, அடைத்த புகைபோக்கி, நேரம் தவறி மூடின கதவு என்று எதில் பிழை விட்டாலும் அந்த ஓட்டம்தான் கெடுகிறது.

ஆளைக் கூப்பிடுவதில் இருந்து தொடங்குவோம். கனடாவில் விறகு அடுப்புகளையும் ஃபயர்பிளேஸ்களையும் பார்ப்பதற்கு 'வெட்' (WETT) என்ற சான்றிதழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் காப்புறுதிக்காரர்கள் கேட்பதும் பெரும்பாலும் அவர்களுடைய அறிக்கையைத்தான். காப்புறுதி எடுக்கும்போது ஃபயர்பிளேஸ் இருப்பதைச் சொன்னீர்களா என்று இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொல்லாமல் எரித்து ஏதாவது நடந்தால் பிறகு நட்டஈட்டுக்கு அலைய வேண்டி வரும்.

பல வருடம் சும்மா இருந்த புகைபோக்கி காலியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. ரொறன்ரோப் பக்கத்தில் ரக்கூன் உள்ளே குட்டி போடும், அணில் இலை தழையை அடைக்கும், பறவை கூடு கட்டும். உச்சியில் வலை மூடி இல்லையென்றால் மழையும் உருகும் பனியும் இறங்கி உள்ளே இருக்கும் களிமண் குழாயை வெடிக்க வைக்கும். குழாயில் வெடிப்பு இருந்தால் சூடும் புகையும் அதன் வழியே சுவருக்குள் போகும். சுவருக்குள் இருப்பது மரச்சட்டம். கீழே நின்று டார்ச் அடித்து நாங்கள் பார்ப்பதில் இதில் பாதி தெரியாது. கமெரா இறக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பறவைக் கூடு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகைபோக்கிக்குள் கூடு கட்டுகிற 'சிம்னி ஸ்விஃப்ட்' என்ற பறவை கனடாவில் அருகி வரும் இனம், சட்டப் பாதுகாப்பு உள்ளது. வெயில் காலத்தில் அது உள்ளே இருந்தால் கூட்டைக் கலைக்கக் கூடாது. குஞ்சுகள் பறந்து, அவை தெற்கே போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த மாதங்களில் நீங்கள் நெருப்பு மூட்டப்போவதும் இல்லை, அதனால் இது பெரிய சிரமமில்லை.

அடைத்த புகைபோக்கி என்ன செய்யும் என்பதற்கு ஒன்ராறியோவிலேயே ஒரு கொடுமையான சம்பவம் உண்டு. 2008 டிசம்பரில் வுட்ஸ்டாக் நகரில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கார்பன் மொனொக்சைட்டால் இறந்துபோனது. அது எரிவாயு ஃபயர்பிளேஸ். அதன் புகைவழி அடைத்திருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள் விடாமல் போராடித்தான், இப்படியான வீடுகளில் படுக்கையறைப் பக்கம் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் என்ற விதி 2014-இல் ஒன்ராறியோவில் வந்தது. 2026 ஜனவரியில் இருந்து படுக்கையறை இல்லாத மாடிக்கும் சேர்த்து ஒவ்வொரு மாடியிலும் வேண்டும் என்று அதை விரிவாக்கியிருக்கிறார்கள். உங்கள் ஃபயர்பிளேஸ் பேஸ்மென்டில் இருக்கிறது, நீங்கள் படுப்பது மேலே. இரண்டு இடத்திலும் அலாரம் இருக்க வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. லேசான தலையிடி, சத்தி வருவது மாதிரி இருக்கும், அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். புகை அலாரத்தையும் பாருங்கள். வடை, மீன் பொரிக்கும்போது அலறுகிறது என்று கழற்றி லாச்சிக்குள் வைத்திருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அதை எடுத்து மாட்டுங்கள்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம்.

கதவைத் திறந்து கண்ணாடியின் மூலைகளைத் துடைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மங்கலாக ஒரு சிறு முத்திரை பதிந்திருந்தால் அது பதப்படுத்திய சாதாரண கண்ணாடி, 'டெம்பர்ட்' என்பார்கள். 1970, 80-களில் செங்கல் ஃபயர்பிளேஸ்களுக்குப் பூட்டிய பித்தளைக் கதவுகளில் அநேகமாக இதுதான் இருக்கும். அது தாங்கும் சூடு சுமார் 250 டிகிரி செல்சியஸ். நல்லாய்ப் பிடித்த விறகு நெருப்பு அதைவிட எவ்வளவோ சூடானது. திறந்திருக்கும்போது அறைக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் கண்ணாடிக்குச் சூடு ஏறுவதில்லை. கொழுந்து நெருப்பின் முன்னால் மூடினால் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும். கண்ணாடி பொறுக்கிற மட்டும் பொறுத்துவிட்டு ஒரே அடியாக வெடித்து ஆயிரம் துண்டாகக் கொட்டும். நெருப்புக்கு முன்னால் பிள்ளை விளையாடுகிற நேரத்தில் அது நடக்கக்கூடாது.

பீங்கான் கண்ணாடி வேறு. அது 700 டிகிரி வரை தாங்கும். விறகு ஸ்டோவ்களிலும், பழைய ஃபயர்பிளேஸின் வாய்க்குள் செருகிப் பூட்டுகிற 'இன்ஸர்ட்'களிலும் அதுதான் இருக்கிறது. அவற்றின் கதவைச் சுற்றிக் கயிறு மாதிரி அடைப்பு ஓடும், கைப்பிடியைத் திருகினால் இறுகிக்கொள்ளும். அந்த வகையை மூடித்தான் எரிக்க வேண்டும். உறவினர் வீட்டில் மூடி எரிக்கிறார்கள், நாங்கள் ஏன் மூடக்கூடாது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வெளியில் பார்க்க இரண்டும் கண்ணாடிக் கதவுதான், உள்ளே செய்கை வேறு. உங்களுடையது எது என்று சந்தேகம் வந்தால் பரிசோதிக்க வருகிறவரிடம் கேளுங்கள். தெரியும்வரை டெம்பர்ட் என்றே எடுத்துக்கொண்டு நடங்கள். கதவுக்கான கையேடு கிடைத்தால் அதில் சொல்லியிருப்பதுதான் முடிவு. சின்ன நெருப்புக்கு மூடலாம் என்று அனுமதிக்கிற கதவுகளும் உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது. வெளியே செங்கல் ஒட்டியிருந்தாலும் உள்ளே தகரப் பெட்டியும் உலோகக் குழாயுமாக, தொழிற்சாலையில் செய்து சுவருக்குள் வைத்தது. உங்களுடையது அதுவானால் அந்த மாடலுக்கென்று அங்கீகரித்த கதவைத் தவிர வேறு எதையும் பூட்டக்கூடாது. அந்தப் பெட்டிகள் சுற்றிலும் காற்று ஓடித் தங்களைக் குளிர்த்திக்கொள்ளும் விதத்தில் செய்தவை. அழகுக்காக வாங்கிப் பூட்டின கதவு அந்தக் காற்றை மறித்தால் பெட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடாகிப் பின்னால் இருக்கும் மரத்தைப் பற்றவைக்கும். எந்த மாடல் என்பது உள்ளே வலைத்திரை தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு உலோகத் தகட்டில் எழுதியிருக்கும்.

அப்படியானால் ஒரு மாலைப்பொழுது எப்படிப் போக வேண்டும்? பற்றவைக்கும்போது இரண்டு கதவையும் மடித்துச் சுவரோடு ஒட்டத் திறந்து விடுங்கள். அரைகுறையாகத் திறந்து வைத்தால் ஒரு மடிப்புக்கு மட்டும் சூடேறும். பொறி பறப்பதைத் தடுக்க உள்ளே இருக்கும் கம்பி வலைத்திரையை இழுத்து மூடுங்கள். பொறிக்கு வலைதான் காவல். நெருப்பு எரியும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். படுக்கப் போவதற்கு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். சுவாலை அடங்கித் தணல் மட்டும் மினுங்கும்போது கண்ணாடியை மூடுங்கள். புகைபோக்கி வாயில் இருக்கும் தகடு, அதாவது டேம்பர், அப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இதில்தான் உயிர் இருக்கிறது. தணலில் இருந்துதான் கார்பன் மொனொக்சைட் தாராளமாக வரும். சுவாலை இல்லை, புகை இல்லை, இனி என்ன என்று டேம்பரை அடித்து மூடிவிட்டுப் படுத்தால் அந்த வாயு முழுக்க வீட்டுக்குள் வரும். அடுத்த நாள் சாம்பல் குளிர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே டேம்பரை மூடலாம்.

இரவில் கண்ணாடியை ஏன் மூடச் சொல்கிறேன் என்றால், திறந்த ஃபயர்பிளேஸ் உங்கள் வீட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிற கணக்குப்படி மணிக்கு 24,000 கன அடி வரை அது வெளியே இழுத்துத் தள்ளும். 1,500 சதுர அடி வீடு, எட்டு அடி உயரம் என்றால் மொத்தக் காற்றே 12,000 கன அடிதான். அதாவது நீங்கள் காசு கொடுத்து ஃபர்னஸில் சூடாக்கின வீட்டுக் காற்று முழுவதும் மணிக்கு இரண்டு தரம் கூரை வழியே போகலாம். அதற்குப் பதிலாகக் கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கால் உறைகுளிர்க் காற்று உள்ளே வரும். முன்னால் இருப்பவருக்கு முகம் சுடும், மேல்மாடி அறையில் இருப்பவர் போர்வை தேடுவார். நெருப்பு நல்லாய் எரியும்போது இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தணல் மட்டும் கிடக்கும் இராத்திரியில் பொறுக்கத் தேவையில்லை, அதற்குத்தான் இந்தக் கதவு.

பிள்ளை விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். நெருப்பு அணைந்து வெகுநேரம் கழித்தும் கண்ணாடியும் பித்தளைச் சட்டமும் சுடும். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்துத்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். தளத்தில் திருகிப் பூட்டுகிற, ஃபயர்பிளேஸைச் சுற்றி நிற்கும் உலோக வேலியை முதலில் வாங்குங்கள், பிறகு விறகு வாங்கலாம். சோபா, கம்பளம், உலரப்போட்ட துணி, விறகுக் கூடை எல்லாம் ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். விசேஷ நாளில் ஆட்கள் கூடி முன்னால் நின்று படம் எடுக்கும்போது சேலைத் தலைப்பு, பாவாடை விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கண் வைத்திருங்கள்.

பற்றவைப்பதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். வீட்டில் ஊதுபத்தி இருக்கும். ஒன்றைக் கொளுத்தி ஃபயர்பிளேஸின் வாய்க்கு நேராக மேல் ஓரத்தில் பிடியுங்கள். டேம்பர் திறந்திருக்கட்டும். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் குளிர்ந்த காற்று மேலே இருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டின புகைபோக்கி என்றால், அதுவும் பேஸ்மென்டில் என்றால், பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். வெளியே மைனஸ் பதினைந்தில் நின்ற செங்கல் அது. பேப்பர் ஒன்றிரண்டை இறுக்கிச் சுருட்டி, நுனியைக் கொளுத்தி, டேம்பருக்குக் கீழே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தால் குழாய் சூடேறி ஓட்டம் திரும்பும். ஊதுபத்தியை மறுபடியும் வைத்துப் பார்த்துவிட்டு மூட்டுங்கள்.

எங்கள் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கறிக்கு வதக்கும்போதும் பொரிக்கும்போதும் அடுப்புக்கு மேலே பெரிய விசிறியைப் போட்டு விடுகிறோம். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று சுலபமாக வரக்கூடிய வழி ஃபயர்பிளேஸ்தான். உடனே புகையும் கார்பன் மொனொக்சைட்டும் பேஸ்மென்டுக்குள் இறங்கும். குளியலறை விசிறி, துணி உலர்த்தும் மெஷின் இரண்டும் இதே வேலையைச் செய்யும். நெருப்பு எரியும்போதும், தணல் கிடக்கும்போதும் இவற்றை ஓட விடாதீர்கள். மேல்மாடி ஜன்னலைத் திறக்காமல், ஃபயர்பிளேஸ் இருக்கிற அறையிலேயே ஒரு ஜன்னலை ஒரு அங்குலம் திறந்து வையுங்கள். மேலேயும் ஒரு ஃபயர்பிளேஸ் இருந்தால், அதை எரிக்கும்போது பேஸ்மென்டில் இருப்பதின் டேம்பரும் கண்ணாடியும் மூடியிருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் இருந்தால் ஒன்றின் புகையை மற்றது உள்ளே இழுத்துவிடும்.

விறகைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனென்றால் கண்ணாடி கறுப்பதும் புகைபோக்கி தீப்பிடிப்பதும் இதில்தான் தொடங்குகிறது. அப்போதுதான் வெட்டின மரத்தில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். பத்துக் கிலோ பச்சை விறகு போட்டால் நாலைந்து கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நெருப்பின் சூடெல்லாம் அதற்கே போய்விடும், எரியாத புகை குளிர்ந்து குழாயில் படியும். குழாய்க்குள் சூடு சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புகையில் இருக்கும் ஆவி தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதுதான் கிரியோசோட். முதலில் தூசு மாதிரி இருக்கும், தூரிகைக்கு வந்துவிடும். பிறகு பொருக்குப் பொருக்காகக் கட்டும். கடைசியில் மினுமினுக்கிற கறுப்புக் கண்ணாடிப் பூச்சாக இறுகும், அதைத் தூரிகையால் எடுக்கவே முடியாது. அது முழுக்க எரிபொருள். பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 டிகிரிக்கு மேல் போகும்.

நல்ல விறகு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி கடையில் கிடைக்கிறது. விறகைப் பிளந்து புதிதாகத் தெரிகிற உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பட்டையில் குத்தினால் ஏமாற்றும். மானி இல்லாவிட்டால் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென்று கேட்கும், ஈரம் 'தொப்' என்று விழும். காய்ந்த துண்டின் வெட்டுமுகத்தில் நடுவில் இருந்து வெடிப்புகள் ஓடியிருக்கும், தூக்கினால் நினைத்ததைவிட இலேசாக இருக்கும். பைன் மாதிரி மென்மரம் பிளந்து அடுக்கினால் ஆறு மாதத்தில் காயலாம். மேப்பிள், பேர்ச் ஒரு வருடம் கேட்கும். ஓக் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் பிளந்து வைத்த கணக்கு. முழுக் கட்டையாகக் கிடந்தால் எத்தனை வருடமானாலும் உள்ளே ஈரம் நிற்கும். தரையில் படாமல் பலகைக்கு மேல் அடுக்கி, மேல்பக்கம் மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். தார்ப்பாயால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டினால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒன்ராறியோவில் ஆஷ் மரம் நிறைய விறகாக வருகிறது. 2002-இல் டிட்ராய்ட், வின்ட்சர் பகுதியில் கண்டுபிடித்த மரகத வண்டு பிறகு ரொறன்ரோ வரைக்கும் வந்து ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. விறகாக ஆஷ் நல்லது, சீக்கிரம் காயும். ஆனால் அந்த வண்டு ஊர் ஊராகப் பரவியதில் விறகு ஏற்றிப்போன வாகனங்களுக்கும் பங்கு உண்டு. கொட்டேஜுக்குப் போய்விட்டு வரும்போது மலிவென்று விறகு ஏற்றி வராதீர்கள், கிட்ட இருக்கிற இடத்தில் வாங்குங்கள். வாங்கும்போது 'கோர்ட்' என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுக் கோர்ட் 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி, 128 கன அடி. 'ஃபேஸ் கோர்ட்' என்பது அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றுதான்.

எரிக்கக் கூடாதவை: பெயின்ட், வார்னிஷ் பூசின மரம், பிளைவுட், டெக் கழற்றின மரம், பிளாஸ்டிக், பரிசு சுற்றின மினுக்கத் தாள், காய்ந்த கிறிஸ்மஸ் மரம். பழைய டெக் மரத்தில் ஆர்சனிக் ஏற்றியிருக்கும், சாம்பல்கூட நஞ்சு. மண்ணெண்ணெய், பெட்ரோல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பார்பிக்யூ கரியை வீட்டுக்குள் எரிக்கவே கூடாது, ஃபயர்பிளேஸிலும் கூடாது. 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு வைத்தவர்களும் இருந்தார்கள். ஸ்காபரோவில் அந்த இருட்டை அனுபவித்தவர்களுக்கு ஏன் ஃபயர்பிளேஸ் வேண்டும் என்று தோன்றுகிறது என்பது எனக்கு நன்றாகவே விளங்கும். அதனால்தான் அதைத் தயாராக, துப்புரவாக வைத்திருங்கள் என்கிறேன்.

மூட்டுகிற முறை சுலபம். பெரிய துண்டுகளை இரும்புத் தாங்கியில் பின்சுவர்ப் பக்கமாக அடுக்கி, மேலே சின்னது, அதற்கு மேலே சுள்ளி, உச்சியில் பேப்பர் வைத்து மேலே இருந்து கொளுத்துங்கள். ஊரில் அடுப்பு மூட்டின கைக்கு இது தலைகீழாகப் படும். ஆனால் குழாய் முதலில் சூடேறுவதால் புகை குறைவு, விறகு இறங்கி இறங்கிப் பிடிக்கும். எரியும் கட்டை முன்னால் உருண்டு கண்ணாடிப் பக்கம் வராதபடி தாங்கியின் முன் கொம்புகள் உயரமாக இருக்க வேண்டும்.

உங்கள் கண்ணாடி கறுத்திருப்பதை வெறும் அழுக்கு என்று நினைக்காதீர்கள். முன்பு இருந்தவர்கள் ஈரவிறகு எரித்தார்கள், அல்லது கதவை மூடி நெருப்பைப் புகைய விட்டார்கள். கண்ணாடியில் இருப்பதுதான் புகைபோக்கிக்குள்ளும் இருக்கும், இதைவிடத் தடிப்பாக. நீங்கள் எரிக்கத் தொடங்கிய பிறகும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இலேசான சாம்பல் நிறத்தில் மங்கினால் நெருப்பு சுத்தமாக எரிகிறது. ஒரே இரவில் பழுப்பும் கறுப்புமாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரி வந்தால் விறகை மாற்றுங்கள்.

துடைப்பதற்கு விலையான மருந்து தேவையில்லை. கண்ணாடி முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும், இதுதான் முக்கியம். சூட்டில் ஈரத்துணி பட்டால் வெடிக்கும். பழைய பேப்பரை நனைத்துப் பிழிந்து, ஃபயர்பிளேஸில் இருக்கிற மாவு மாதிரியான வெள்ளைச் சாம்பலில் தொட்டு, வட்டமாகத் தேய்த்தால் கறுப்பு கரைந்து வரும். சாம்பலை அள்ளும்போது கரித்துண்டோ மணலோ சேரக்கூடாது, கீறிவிடும். பிறகு தண்ணீரில் வினிகர் கலந்து துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். பிளேடு, இரும்புத் தேய்ப்பான், 'ஓவன்' கழுவுகிற ஸ்பிரே வேண்டாம். ஸ்பிரே பித்தளையையும் கெடுக்கும். எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளை மங்கல் இருந்தால் அது அழுக்கில்லை, கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது.

துடைக்கும்போதே விளிம்பைப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்தக் கண்ணாடியோடு எரிக்கக்கூடாது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போடவும் கூடாது. கண்ணாடியைப் பிடிக்கிற கிளிப்பின் திருகுகளை விரலால் முறுக்கி நிறுத்துங்கள். ஆடுகிறதே என்று ஸ்குரூட்ரைவரால் இறுக்கினால், சூட்டில் கண்ணாடி விரிய இடமில்லாமல் அதுவே வெடிக்கும். கொஞ்சம் ஆடுவது வேண்டுமென்று விட்ட இடம். உள்ளே தீச்செங்கல்லுக்கு இடையில் சாந்து உதிர்ந்திருக்கிறதா, காசு நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

துப்புரவு வருடத்துக்கு ஒருமுறை. இடையில் குழாய்ச் சுவரில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் படிந்தாலே தூரிகை போட வேண்டும், மினுமினுப்பாகத் தெரிந்தால் அளவு பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். இலையுதிர் காலத்தில் எல்லோரும் கூப்பிடுவதால் ஆள் கிடைக்காது, வசந்தத்தில் கூப்பிடுங்கள். கோடைப் புழுக்கத்தில் வீடு புகைமணம் அடிக்காமலும் இருக்கும். எரித்தால் புகைபோக்கி துப்புரவாகும் என்று விற்கிற கட்டைகள் படிவத்தைக் கொஞ்சம் இளக்கும், தூரிகைக்குப் பதில் ஆகாது.

புகைபோக்கி தீப்பிடித்தால் ரயில் ஓடுகிற மாதிரி உறுமல் கேட்கும், உச்சியில் பொறி கொட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். கைக்கெட்டினால் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் 911 எடுங்கள். சத்தமில்லாமல் தானாக அணைந்துபோகிற தீயும் உண்டு. எதுவானாலும் மறுபடி பரிசோதிக்காமல் மூட்டக்கூடாது.

சாம்பலில் கங்கு நாலு நாள் வரைக்கும் உயிரோடு கிடக்கும். இறுக்கமான மூடி போட்ட உலோக வாளியில் அள்ளி, வெளியே, வீட்டில் இருந்து மூன்று மீட்டர் தள்ளிச் சிமெந்துத் தரையில் வையுங்கள். கராஜில், மரடெக்கில், காகிதப் பையில் வைக்கவே கூடாது. வெக்யூம் கிளீனரால் இழுக்கவும் கூடாது. ஒரு அங்குலம் சாம்பலை அடியில் விட்டுவிடுங்கள், அடுத்த நெருப்பு சுகமாகப் பிடிக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு வேண்டியது அழகா, சூடா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். எப்போதாவது ஒரு மாலை குடும்பமாகக் குளிர்காய்வதற்கு என்றால் மேலே சொன்னபடி பராமரித்தால் இந்தப் பழைய ஃபயர்பிளேஸ் போதும். வீட்டைச் சூடாக்க என்றால் அது உதவாது, விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட அறைக்கு வருவது சந்தேகம். அதற்கு அங்கீகரித்த இன்ஸர்ட் ஒன்றை, புகைபோக்கிக்குள் உலோகக் குழாய் இறக்கிப் பூட்ட வேண்டும். புகையும் வெகுவாகக் குறையும். மொன்றியலில் 2018 அக்டோபரில் இருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளிவிடும் விறகு அடுப்புகளை எரிக்கத் தடை இருக்கிறது, நீண்ட மின்தடை நேரத்துக்கு மட்டும் விலக்கு. பரிசோதிக்க வருகிறவரிடமே உங்கள் குழாயின் அளவுக்கு எந்த இன்ஸர்ட் பொருந்தும் என்று கேட்டு, அறிக்கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது பூட்டாவிட்டாலும் பிறகு உதவும்.